"நாங்கள் யாரையும் டர்ன் டவுன் செய்வதில்லை, மேடம்": திருகோணமலையில் மூன்று மாத ஆங்கில வகுப்பு, என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பின் பெயரைப் போடவில்லை. பெயர்ப்பலகையே இல்லாத வகுப்பு அது. பதினான்கு பேருக்கு மேல் எடுக்க அந்த அறையில் கதிரை இல்லை, அதனால் "தம்பி, பேஸ்புக்கில் போட்டுக் கூட்டம் சேர்த்துவிடாதே" என்று மிஸ் கேட்டுக்கொண்டார். டச் பே கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரம், ஒரு கடைக்கு மேலே தகரக் கூரை அறை. திருமலைக்காரருக்கு இரண்டு பேரிடம் விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். கிழமையில் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம், மாதம் 2500 ரூபா. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஏன் அந்த மாதங்கள் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை இங்கே சீசன், அந்த நேரம் வெள்ளைக்காரரோடு ஆங்கிலம் கதைக்கத்தான் நேரம் இருக்கும், படிக்க நேரம் இருக்காது.

நான் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் (ஓ.எல்) ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறுதான், கிராமர் பிழை பெரிதாக வராது, மெயில் எழுதுவேன். அப்படியிருந்தும் போன சீசனில் ஒரு இங்கிலாந்து அம்மா பின்னேரம் வந்து "டூ யூ டூ டர்ன் டவுன்?" என்று கேட்டார். எனக்கு டர்ன் டவுன் என்றால் நிராகரிப்பது. வேலைக்கு விண்ணப்பம் போட்டு டர்ன் டவுன் ஆன அனுபவம் இருக்கிறதே, மறக்குமா? எங்களைப் பார்த்து ஆட்களைத் திருப்பி அனுப்புவீர்களா என்று கேட்கிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "நோ மேடம், வீ நெவர் டர்ன் டவுன் எனிபொடி" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். பிறகுதான் விளக்கம் வந்தது. இரவு படுக்கப் போகுமுன் ஆள் வந்து கட்டில் விரிப்பை ஒரு பக்கம் மடித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போவார்களே, பெரிய ஹோட்டல்களில் அதற்குப் பெயர் டர்ன் டவுன். அதே சொல்லை ஏசி சத்தத்துக்கோ ரேடியோ சத்தத்துக்கோ சொன்னால் குறைப்பது. ஒரே இரண்டு சொல், மூன்று வேலை. அன்றைக்கே முடிவெடுத்தேன், சீசன் முடிய எங்காவது போய் வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிப் பொருளையே மாற்றுகிற இந்த ஃபிரேசல் வேர்ப் என்ற சாமானை ஒரு வழி பண்ணுவது என்று.

சரி, வகுப்புக்கு வருவோம்.

முதல் நாள் மிஸ் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. கரும்பலகையில் "கொடு" என்று தமிழில் எழுதினார். "உங்களிடம் ஒரு வெள்ளைக்காரன் தமிழ் படிக்க வருகிறான், கொடு என்றால் கிவ் என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அவன் போய் 'கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தான்' என்று ஒரு வசனத்தைப் படிக்கிறான். என்ன விளங்கும்?" என்று கேட்டார். காட்டினான், பிறகு கொடுத்தான். எதைக் காட்டினான், யாருக்குக் கொடுத்தான்? அவன் பாவம் தலையைப் பிய்த்துக்கொள்வான். அடுத்து "விட்டுக்கொடு" எழுதினார். கையால் ஒன்றும் கொடுபடவில்லை, பிடிவாதத்தைத்தான் விடுகிறோம். பிறகு "சொல்லிக்கொடு". அது படிப்பிப்பது. எங்களில் ஒருவருக்காவது இதையெல்லாம் யாராவது பட்டியல் போட்டுப் பாடமாக்கச் சொன்னார்களா? இல்லை. அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே ஏதோ திறந்த மாதிரி இருந்தது. "லுக் ஆஃப்டர்" என்றால் கவனித்துக்கொள்வது என்று பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கியவன்தான் நான். ஆனால் பிள்ளையைப் "பார்த்துக்கொள்" என்று நாங்கள் சொல்லும்போது அங்கேயும் "பார்" முன்னால் நிற்கிறது, "கொள்" என்ற ஒட்டு பின்னால் வந்து அர்த்தத்தை மாற்றுகிறது என்பது இருபத்தொன்பது வயது வரை தலைக்குள் போகவில்லை. புட் ஒஃப் இன்னும் வடிவு. புட் என்றால் போடு, ஒஃப் என்றால் தள்ளி. சேர்த்தால் தள்ளிப்போடு! சொல்லுக்குச் சொல் அதேதான், முன்பின் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாம் இப்படிப் பொருந்தி வராது என்று மிஸ் உடனே எச்சரித்தார். புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது, அதைப் பிரித்துப் பார்த்தால் போடு, மேலே, உடன். அதிலிருந்து பொறுமை எப்படி வரும்? வராது. அதை வசனத்தோடுதான் விழுங்க வேண்டும். ஆனால் பயம் போய்விட்டது, எனக்கு அதுதான் பெரிது.

பயப்படுவது நாங்கள் மட்டும் இல்லையாம். 1755இல் ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலேயே, வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு ஆகப் பெரிய கஷ்டத்தைத் தருகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். இருநூற்றறுபது வருடத்துக்கு மேலாகியும் கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது, சரியா?

அடுத்த கிழமை மிஸ் லைட் சுவிட்ச் பக்கம் போனார். "தம்பி, இதை அணைக்கச் சொல்லு" என்றார் என்னிடம். நான் சாதாரணமாக "ஒஃப் த லைட்" என்றேன். வகுப்பில் யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஏன் படும்? லைட்டை ஒஃப் பண்ணு, ஃபேனை ஓன் பண்ணு என்று பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறோம். ஆங்கிலத்தில் டர்ன் என்கிற உடம்பை விட்டுவிட்டு ஒஃப் என்கிற வாலை மட்டும் வெட்டி எடுத்து, அதில் எங்கள் "பண்ணு"வை ஒட்டிவிட்டோம். திரும்ப ஆங்கிலம் கதைக்கும்போது "பண்ணு"வைக் கழற்றிவிடுகிறோம், வால் மட்டும் தனியே நிற்கிறது. "டர்ன் ஒஃப் த லைட்" சரி, "டர்ன் த லைட் ஒஃப்" உம் சரி. ஆனால் லைட் என்பதற்குப் பதில் இட் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும், "டர்ன் இட் ஒஃப்". "டர்ன் ஒஃப் இட்" கிடையாது. இந்த ஒரு விதிக்காகவே நான் முதல் மாதக் காசைக் கொடுத்திருப்பேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற விருந்தாளிகளிடம் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி நான் எத்தனை வருடம் "ப்ளீஸ் டேக் ஒஃப் தெம்" என்று சொல்லியிருப்பேன் தெரியுமா? "டேக் தெம் ஒஃப்" தான். ஒருவரும் திருத்தவில்லை. மரியாதையான சனம், சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்விடும்.

அதற்காக எல்லாவற்றையும் பிளக்கலாம் என்று நினைக்கவும் கூடாது. லுக் ஃபோர், லுக் ஆஃப்டர் மாதிரியானவை பிளக்காது. "லுக் ஃபோர் இட்" தான், "லுக் இட் ஃபோர்" இல்லை. எது பிளக்கும், எது பிளக்காது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மிஸ் சொன்ன வழி காது. டர்ன் இட் ஒஃப் என்று சொல்லும்போது அழுத்தம் ஒஃபில் விழும். லுக் ஃபோர் இட் என்றால் லுக்கில் விழும், ஃபோர் காதில் விழாத அளவுக்குச் சுருங்கிவிடும். வால் கனமாக இருந்தால் அநேகமாகப் பிளக்கலாம், வால் மெல்லியதாக இருந்தால் தொடாதே. முழு விதி இல்லை, ஆனால் பத்தில் எட்டுக்கு எனக்குச் சரிவந்தது. செக் அவுட்டுக்கும் இதே கதைதான். "வீ செக் அவுட் டுமாரோ" என்று வினையாகச் சொன்னால் அவுட்டில் அழுத்தம், செக்கவுட் நேரம் பதினொரு மணி என்று பெயராகச் சொன்னால் செக்கில் அழுத்தம். ஒரு நாளைக்கு இருபது தரம் அந்தச் சொல்லைச் சொல்கிறவன் நான், ஒரு நாளும் கவனித்ததில்லை. பிக்கப், செக்கப், மேக்கப், லொக்கப் என்று தமிழுக்குள் வந்து குடியேறியதெல்லாம் இந்தப் பெயர் வடிவம்தான், முன்னுக்கு அழுத்தி. வினையாகச் சொல்லும்போதும் பழக்கதோஷத்தில் அப்படியே அழுத்திவிடுகிறோம்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இருக்கின்றன.

தகரக் கூரை. மாரி மழை அடிக்கத் தொடங்கினால் மிஸ் கத்தினாலும் கேட்காது. சொல்லித் தருவதோ வாலில் விழும் அழுத்தம், அதைக் கேட்பதற்குக் காது வேண்டும், மழைச் சத்தத்தில் ஓனும் ஒஃபும் ஒன்றுதான். நவம்பரில் மூன்று வகுப்பு இப்படியே கரைந்தது. அதற்கு ஈடாக வேறு நாள் வைக்கவில்லை. கரண்ட் போன இரண்டு நாள் போன் வெளிச்சத்தில் நடந்தது, அது பரவாயில்லை, எங்களுக்குப் பழகியதுதான்.

இரண்டாவது, இரண்டாம் மாதம் மிஸ்ஸுக்குச் சுகமில்லாமல் போய் இரண்டு கிழமை வேறு ஒரு சேர் வந்தார். வந்தவுடன் ஒரு கட்டுப் போட்டோக்கொப்பி தந்தார். ஏயில் தொடங்கி அகரவரிசையில் 240 ஃபிரேசல் வேர்ப், பக்கத்தில் ஒரு சொல்லில் தமிழ் அர்த்தம், சனிக்கிழமை டெஸ்ட். வசனம் ஒன்றுகூட இல்லை. பிரேக் டவுன், பிரேக் இன், பிரேக் ஒஃப், பிரேக் அவுட், பிரேக் அப் என்று வரிசையாகப் பாடமாக்கினால் என்ன நடக்கும்? எல்லாம் ஒன்றோடொன்று சிக்கி, பஸ் பிரேக் அப் ஆகும், காதல் பிரேக் டவுன் ஆகும். டெஸ்டில் 31 எடுத்தேன். பக்கத்தில் இருந்த ஓட்டோ ஓடுகிற அண்ணா 12. அவர் நாள் முழுக்க ட்ரொப் ஒஃப், பிக் அப் என்று பிழையில்லாமல் கதைக்கிற ஆள்!

அந்த சேர் சொன்ன இன்னொரு விஷயத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. ஃபிரேசல் வேர்ப் எல்லாம் தெருப்பேச்சு, கடிதத்தில் எழுதவே கூடாது என்றார். பாதிதான் உண்மை. புட் ஒஃபுக்கு போஸ்ட்போன் இருக்கிறது, லுக் இன்டுவுக்கு இன்வெஸ்டிகேட், புட் அவுட்டுக்கு எக்ஸ்டிங்குவிஷ். லத்தீன் வழியாக வந்த கோட்டுச்சூட்டுச் சொற்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவைதான் வசதி, ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம், பிளக்கிற வேலை இல்லை. ஆனால் விருந்தாளியிடம் போய் "மேடம், மெழுகுதிரியை எக்ஸ்டிங்குவிஷ் செய்யட்டுமா" என்று கேட்டால், சாப்பாட்டுக் கடையில் "ஐயா, தாங்கள் அமுது செய்தாயிற்றா" என்று கேட்ட மாதிரித்தான் இருக்கும். மறுபக்கம், கேரி அவுட் என்பது அரசாங்க அறிக்கைகளிலேயே வருகிற சொல். ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃபுரொம் யூ என்று விண்ணப்பக் கடிதத்தை முடிக்கிறோமே, அதில் லுக் ஃபோர்வர்ட் டு என்னவாம்? (அங்கே ஹியரிங்தான், ஹியர் இல்லை. கட்டாருக்கு விண்ணப்பம் போடவென்று வகுப்புக்கு வந்த இரண்டு தம்பிமாரும் ஹியர் என்றுதான் எழுதியிருந்தார்கள், மிஸ் திரும்பி வந்து திருத்தினார்.)

மிஸ் வந்ததும் அந்த 240 தாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் வேலையில் வாரத்துக்கு ஐந்து தரமாவது வருகிற பத்தை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். என் பட்டியலில் செக் இன், ஃபில் இன் (அமெரிக்கர் ஃபில் அவுட் என்பார்கள், அதே படிவம்தான்), ரன் அவுட் ஒஃப், புட் அப், கோல் ஒஃப் எல்லாம் வந்தன. ரன் அவுட் ஒஃப் பெரிய உதவி. இதுவரை குசினியில் பால் முடிந்தால் "மில்க் ஃபினிஷ்ட்" என்றுதான் சொல்லி வந்தோம். கோல் ஒஃபுக்குப் பின்னால் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. ஒரு நாள் கடல் சரியில்லாமல் புறாத்தீவுக்குப் போகிற படகுப் பயணம் நின்றுபோனது. நான் பலகையில் "ட்ரிப் புட் ஒஃப்" என்று எழுதி வைத்தேன். அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு ஒரு குடும்பம் குளிக்கிற உடுப்போடு, பிள்ளைகளுக்குக் கையில் காற்று வளையத்தோடு ரிசப்ஷனில் நிற்கிறது. புட் ஒஃப் என்றால் தள்ளிப்போட்டது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. நான் எழுதியிருக்க வேண்டியது கோல்ட் ஒஃப், அதாவது பயணமே இல்லை, காசைத் திருப்பித் தருவோம். ஒஃப் இரண்டிலும் ஒன்றுதான், முன்னால் இருக்கிற சொல் மாறினால் காசுக் கணக்கே மாறிவிடுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது நகைக்கடையில் வேலை செய்கிற அக்கா, தானும் ஓடர் ஒன்றில் இதே பிழை விட்டதாகச் சொன்னார்.

புட் அப் பற்றியும் ஒன்று. "குட் யூ புட் அஸ் அப் ஃபோர் டூ மோர் நைட்ஸ்?" என்றால் இன்னும் இரண்டு இரவு தங்க இடம் தருவீர்களா என்று அர்த்தம். பின்னால் ஒரு வித் சேர்ந்துவிட்டால் எங்களைப் பொறுத்துக்கொள்வீர்களா என்று ஆகிவிடும். சில விருந்தாளிகள் விஷயத்தில் இரண்டும் ஒரே கேள்விதான், அதை விடுங்கள்.

கடைசியாக மான் கதை. திருமலையில் மான் எங்கே வரும், எங்கே வராது என்று கணக்கே கிடையாது. கோட்டைப் பக்கம் மட்டுமா, கடற்கரை, கடைவாசல், குப்பைத்தொட்டி எல்லா இடமும் அவைதான். டிசம்பரில் ஒரு நாள் மழை விட்ட நேரம் வகுப்பைக் கீழே முற்றத்தில் வைத்தார் மிஸ். நான் பிளேன்டீ வாங்கப் போய் வருவதற்குள், கதிரையில் வைத்துவிட்டுப் போன என் தாள்க்கட்டை ஒரு பெண் மான் மென்றுகொண்டு நிற்கிறது. வாயோரம் எழுத்து தெரிகிறது. அகரவரிசையில் டேக்கிலிருந்து கீழே எல்லாம் போய்விட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள், மிஸ் மட்டும் வெண்கட்டியை எடுத்துவிட்டார். "த டியர் எய்ட் யுவர் நோட்ஸ்" என்றால் மான் தின்றது. கொஞ்சமாகவும் இருக்கலாம், மிச்சமும் இருக்கலாம். "த டியர் எய்ட் தெம் அப்" என்றால் தின்று தீர்த்தது. அந்த அப்புக்கும் மேலே என்பதற்கும் தொடர்பே இல்லை, அது எங்கள் "தீர்". யூஸ் அப், ட்ரிங் அப் எல்லாம் அதே குடும்பம். தெம் நடுவில் உட்கார்ந்ததைக் கவனித்தீர்களா என்றும் கேட்டார். கவனித்தோம். அந்த அப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், 240 தாளில் இருந்து ஒன்றும் ஞாபகம் இல்லை.

யாருக்கு இந்த வகுப்பு? ஹோட்டல், வாகனம், கடை, படகு என்று வாயைத் திறந்து ஆங்கிலம் கதைத்தாக வேண்டிய வேலையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்களுக்குக் கஷ்டம், ஒரு வசனம் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓ.எல் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்கள் வேண்டாம், இங்கே பாஸ்ட் பேப்பர் செய்ய மாட்டார்கள். போனில் ஆப் வைத்துப் படிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். அர்த்தம் சரியாகக் காட்டும், ஆனால் நீங்கள் "டேக் ஒஃப் தெம்" என்று வாயால் சொன்னால் அது எங்கே கேட்கப்போகிறது? மிஸ் கேட்பார். கேட்டவுடன் புருவத்தை உயர்த்துவார், நாங்களே திருத்திக்கொள்வோம்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி தகரக் கூரைக்கு, பாதி அந்த இரண்டு கிழமைக்கு. இன்னொன்று சொல்ல மறந்தேன், மான் தின்ற தாளைத் திரும்ப எடுக்கப் போட்டோக்கொப்பிக் காசு என்று 80 ரூபா கேட்டார்கள். மான் என்னுடையது இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். மிஸ் சிரித்தார், ஆனால் காசை வாங்கிக்கொண்டார்.